ஆற்றுக்கு அளவு சொன்ன அரசன்

நம்முடைய பாட்டனுக்குப் பாட்டன் பிறப்பதற்கும் வெகுகாலம் முன்னால், எகிப்து தேசத்தில் ஓர் அரச வம்சம் இருந்தது. அந்த நாட்டில் மழை என்பதே அபூர்வம். வருஷத்துக்கு ஒரு முறை நைல் ஆறு பொங்கி வயலை நனைத்தால்தான் சாப்பாடு. அங்கே உண்மையான ராஜா யார் என்று கேட்டால், நான் ஆறு என்றுதான் சொல்வேன். சிரிக்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

ஆற்றங்கரையில் ஒரு படிக்கிணறு இருந்தது. ஆற்றுத் தண்ணீர் அதற்குள் ஏறும். எவ்வளவு ஏறியது என்று பார்க்க, சுவரில் முழத்துக்கு ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். பதினாறு முழம் ஏறினால் நல்ல விளைச்சல். அரசன் கால்வாயில் படகேறிக் கோயிலுக்குப் போவான். பன்னிரண்டுக்குக் கீழே நின்றுவிட்டால் பஞ்சம். அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து ஜனங்களுக்குத் தானியம் கொடுக்க வேண்டும். இதுதான் அந்த நாட்டு வழக்கம்.

வம்சத்தின் முதல் அரசன் தானே படியிறங்கிப் போய்க் கோட்டைத் தொட்டுப் பார்த்தான். நாடு வளர்ந்தது. அவன் மகன் மேல்படியில் நின்றுகொண்டு, "எத்தனை முழம்?" என்று கேட்டான். நாடு வளரவில்லை, தேயவும் இல்லை. பேரன் நெஃபுகா இருக்கிறானே, அவன் கிணற்றுப் பக்கமே வரவில்லை. "பதினாறு முழம் என்று பறை அறையச் சொல்லுங்கள்" என்று அரண்மனையிலிருந்தே ஆளனுப்பினான்.

ஏன் தெரியுமா? மகாராஜா தனக்குக் கல்லறை கட்டிக்கொண்டிருந்தார். மலை மாதிரி ஒரு கல்லறை. களஞ்சியத் தானியமெல்லாம் கல் இழுக்கும் ஆட்களுக்கே போனது. உயிரோடு இருக்கிறவனுக்குக் கஞ்சி இல்லை, என்றோ சாகப்போகிறவனுக்கு மாளிகையாம்! சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

கிணற்றில் அளவு பார்ப்பவன் பெயர் இபி. பயந்த சுபாவம். முதல் வருஷம் தண்ணீர் பதினொரு முழம். பதினாறு என்று அறிவித்தான். இரண்டாம் வருஷம் பத்து. அப்போதும் பதினாறு என்றான். மூன்றாம் வருஷம் ஒன்பது முழம்தான். அளவு பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அவன் மனைவி தூயா விதைக்கு வைத்திருந்த பார்லியை இடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஐயோ, விதையையா இடிக்கிறாய்?" என்று பதறினான் இபி.

"பின்னே? நீங்கள் சொன்ன பதினாறு முழத்தையா பிள்ளைகளுக்கு ஊட்டுவது?" என்றாள் தூயா.

இபிக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மையைச் சொன்னால் தலை போகும், சொல்லாவிட்டால் ஊரே போகும். விடிய விடிய யோசித்துவிட்டு நேரே அரசனிடம் போனான்.

"அரசே, ஆணைப்படி பதினாறு முழம் என்று பறை அறைந்தாயிற்று. இரண்டு வருஷமாகத் தாங்கள் கல்லறை வேலையில் இருந்துவிட்டீர்கள். இந்த வருஷமாவது வழக்கப்படி படகில் எழுந்தருள வேண்டும்" என்று கும்பிட்டான்.

"அதற்கென்ன, வருகிறேன்" என்றான் நெஃபுகா. மூன்று வருஷமாகப் பறைச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டிருந்தான், பாவம்.

மந்திரிகள் சூழப் படகு புறப்பட்டது. கால்வாய்க்குள் நுழைந்தது, சேற்றில் சிக்கிக்கொண்டது. "இழுங்கள்!" என்றான் அரசன். கரையில் நின்ற ஜனங்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள், படகு அசையவில்லை. "இழுங்கள்!" மறுபடி இழுத்தார்கள், பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். "இழுங்கள், சோம்பேறிகளா!" மூன்றாம் முறை கயிறு தரையிலேயே கிடந்தது.

"சோம்பல் இல்லை, மகாராஜா. சாப்பிட்டு நாலு நாளாகிறது" என்றான் ஒரு குயவன்.

அரசன் இபியைப் பார்த்தான். "எத்தனை முழம்?"

"தாங்கள் சொன்னது பதினாறு. ஆறு ஏறியது ஒன்பது."

நெஃபுகா படகிலிருந்து எட்டிச் சேற்றைப் பார்த்தான். "களஞ்சியத்தைத் திறங்கள்" என்றான். நல்ல வார்த்தைதான், இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருந்தால்! மூலை முடுக்கெல்லாம் பெருக்கி எடுத்தும் ஒரு வேளைக் கஞ்சிக்குத்தான் தேறியது. ஜனங்கள் அதைக் குடித்தார்கள், மூட்டை முடிச்சைக் கட்டினார்கள், வடக்கே இருந்த வேறோர் அரசனின் நாட்டைப் பார்த்து நடந்தார்கள். படகைத் தாண்டித்தான் போனார்கள். யாரும் கும்பிடவில்லை, யாரும் திட்டவும் இல்லை.

"நீயாவது இரு இபி, உன்னை மந்திரி ஆக்குகிறேன்" என்று அரசன் கெஞ்சினான்.

"முதல் வருஷமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், அரசே. இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு" என்று அழுதான் இபி. பிறகு சின்னப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தூயாவோடு நடந்தான்.

வெயில் சாய்ந்தது. படகில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அரசன், "எல்லோரும் போய்விட்டார்களா?" என்று கேட்டான்.

வெறிச்சோடிக் கிடந்த கரையை மந்திரிகள் பார்த்தார்கள். "ஒருவரும் போகவில்லை, அரசே. ஊர் கொள்ளாத கூட்டம்" என்றார்கள்.

கேட்டீர்களா? உண்மையைக் கேட்கப் பயப்படுகிற அரசனுக்குக் கடைசியில் பொய் சொல்கிறவர்கள் மட்டுமே துணை.