மாப்பிள்ளை தலையில் விழுந்த வால்

காங்கேயத்துக்குத் தெற்கே நாலு பேரிடம் வழி கேட்டு, நாலு பேரும் தப்பாகச் சொன்ன பிறகு எந்த ஊரில் போய் நிற்பீர்களோ, அதுதான் சுண்டக்காபாளையம். அந்த ஊர் வெள்ளையடிக்கிற மேஸ்திரி வெள்ளியங்கிரிக்கு நாற்பத்தொரு வயதில் ஒருவழியாகப் பெண் கிடைத்தது. அதற்கு முன் பதினோரு இடம் தட்டிப்போயிருந்தது.

பெண் பெயர் பாவாயி. அவள் அப்பா செங்கோடப்பன் பஞ்சாங்கத்தைக் கேட்காமல் கொட்டாவிகூட விடமாட்டார். அவரே பத்துப் பொருத்தமும் பார்த்து, வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்று முடிவு செய்திருந்தார். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். மாப்பிள்ளையே மேஸ்திரியாக இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? புதன்கிழமை காலையில் வெள்ளியங்கிரி தன் ஆட்கள் இருவரோடு வந்து சேர்ந்தார். ஒருவர் அங்கமுத்து, யோசிக்கிறவர். இன்னொருவர் பூச்சியப்பன், அங்கமுத்து யோசித்ததை நம்புகிறவர்.

"ஒரு எடம் விடாம அடிச்சுப்போடுங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டுச் செங்கோடப்பன் வாழைத்தார் வாங்கப் போனார்.

அவர்கள் விடவில்லை. சுவர் முடிந்ததும் கதவு, கதவு முடிந்ததும் கட்டில், கட்டிலில் காய்ந்துகொண்டிருந்த வடகம், காலண்டர், ஆட்டுக்கல். எல்லாம் வெளேரென்று ஆகிவிட்டது. உத்திரத்துக்குக் கீழே ஒரு சாண் இடம்தான் பாக்கி. அங்கே ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது.

"நகரச் சொல்லிப் பாத்துட்டனுங். கேக்கமாட்டேங்குது" என்றார் ஏணிமேல் நின்ற பூச்சியப்பன்.

அங்கமுத்து யோசித்தார். "அப்ப அதுவும் ஒரு எடந்தானே?"

பூச்சியப்பன் மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்துப் பல்லிமேல் ஒரு இழுப்பு இழுத்தார். பல்லி வெள்ளையாகி ஓடியது. வால் மட்டும் கழன்று, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரியின் உச்சந்தலையில் விழுந்து துள்ளியது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் உள்ளே வரவேண்டுமா? "அய்யோ சாமி, தலையில பல்லி!" வாழைத்தாரைக் கீழே போட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார் செங்கோடப்பன். அட்டை வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. நல்லவேளை, உள்பக்கத்துக்கு அவர்கள் இன்னும் வரவில்லை. பல்லி விழும் பலன் பக்கத்தில் விரலை ஓட்டி நிறுத்தினார்.

"தலைன்னா உசுருக்கு ஆபத்துன்னு போட்டிருக்குது. மொதல்ல தலையோட ஊத்துங்கடா!"

எதை ஊத்துவது என்று அவர் சொல்லவில்லை. அங்கமுத்து கைக்கு எட்டிய வாளியைத் தூக்கி ஊற்றினார். அது சுண்ணாம்பு வாளி. கண்ணை இறுக மூடிக்கொண்ட வெள்ளியங்கிரி தலை முதல் கால் வரை வெளுத்து நின்றார்.

"உசுருக்கு ஆபத்து இருக்கிற ஆளுக்கு எப்படி மாப்ளே பொண்ணைக் குடுக்கிறது? கல்யாணத்தை நிறுத்திப்போடலாம்" என்றார் செங்கோடப்பன்.

பதினோரு வீட்டிலும் பெண்கள் வெள்ளியங்கிரியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரோடு சேர்ந்து சிரித்தவள் பாவாயி ஒருத்திதான். அவளை விட்டுவிட்டு அவர் யாரோடு சிரிப்பார்? அழுகை வந்து முகத்துச் சுண்ணாம்பில் இரண்டு கோடு விழுந்தது.

"மாமா, விழுந்தது பல்லி இல்லீங். வாலுங்."

செங்கோடப்பன் நியாயஸ்தர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே பார்த்தார். மொட்டைப் பல்லி ஓடியது. கீழே பார்த்தார். வால் துள்ளியது.

"இதென்னடா அக்கப்போரு! வால் போனா பல்லி சாகோணும். அது ஓடுது. பல்லி போனா வால் சாகோணும். அது ஆடுது. இருந்தது ஒரே ஒரு உசுரு. அது எதுல இருக்குதோ அதுதான் பல்லி. மேல இருந்தாக் கல்யாணம் உண்டு. கீழ இருந்தா இல்லை. கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

மூவரும் வாலைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பல்லீ!" என்று வெள்ளியங்கிரி கூப்பிட்டுப் பார்த்தார். மேலேயும் திரும்பவில்லை, கீழேயும் திரும்பவில்லை. பூச்சியப்பன் ஒரு எறும்பைப் பிடித்து வாலுக்கு முன்னால் வைத்தார்.

"திங்கமாட்டேங்குதுங்."

"வாய் எந்தப் பக்கம்னு தெரியாம வெச்சா எப்படித் திங்கும்?" என்றார் அங்கமுத்து. பூச்சியப்பன் எறும்பை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். எறும்பு போய்விட்டது.

அதற்குள் வாலின் ஆட்டம் குறைந்து, ஓய்ந்து, நின்றேவிட்டது. மூவரும் எழுந்து நின்றார்கள். பூச்சியப்பன் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அங்கமுத்து கண்ணை மூடித் திறந்தார். "தெரிஞ்சுபோச்சுங். வால் செத்துப்போச்சு. உசுரு இருந்தாத்தானுங்களே சாக முடியும்? அப்ப உசுரு வாலுலதான் இருந்திருக்குது. வால்தானுங் பல்லி."

"அப்ப மேல ஓடுதே, அது?" என்று கேட்டார் செங்கோடப்பன்.

"அது செத்துதுங்களா?"

"இல்ல."

"சாகாததுக்கு உசுரு இருந்துதுன்னு என்னங்க அத்தாட்சி? அது பல்லி போக மிச்சமுங். சும்மா ஓடிட்டிருக்குது."

செங்கோடப்பன் எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தும் அதில் ஓட்டை தெரியவில்லை. "அப்ப விழுந்தது பல்லியேதான். கல்யாணம் நின்னுது" என்று பஞ்சாங்கத்தை மூடினார்.

வெள்ளியங்கிரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரத்தில் பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். தானாகவே யோசித்தார்.

"அங்கமுத்து, நான் எப்பவாச்சும் செத்திருக்கிறனா?"

"நான் பாத்து இல்லீங் மேஸ்திரி."

"அப்ப எனக்கு உசுரு இருக்குதுன்னு என்ன அத்தாட்சி?"

அங்கமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்."

"இல்லாத உசுருக்கு ஆபத்து எங்கிருந்து மாமா வரும்?"

செங்கோடப்பன் பஞ்சாங்கத்தை மறுபடி திறந்து, உயிர் இல்லாதவர் தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று தேடினார். அப்படி ஒரு பலனே போடவில்லை. ஆபத்து நீங்கிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் முகம் தெளியவில்லை. "அதெல்லாஞ் சரி மாப்ளே. உசுரே இல்லாத ஆளுக்குப் பொண்ணைக் குடுத்தா ஊரு என்ன பேசும்?"

அப்போது, வடகத்திலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்த பாவாயி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏனுங்கப்பா, நானும் இன்னும் ஒருக்காகூடச் சாகலீங்களே!"

செங்கோடப்பன் மகளைப் பார்த்தார். வெளுத்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "இது பதினோராவது பொருத்தமாச்சே!" என்று வெள்ளியங்கிரியைக் கட்டிக்கொண்டார். அவர் வேட்டி சட்டையும் வெளுத்தது.

வாலைப் பூச்சியப்பன் முருங்கை மரத்தடியில் முறையாகப் புதைத்தார்.

வெள்ளிக்கிழமை மேளம் கொட்டியது. வெள்ளியங்கிரி தாலியைக் கையில் எடுத்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் அரிசியைத் தூவி, "நூறு வயசு உசுரோட இருக்கோணும்!" என்று வாழ்த்தினார். உடனே உத்திரத்தில் இருந்து, "ச்ச், ச்ச்" என்று சத்தம் வந்தது. பல்லி சொல்லிவிட்டால் அது சத்தியம் என்று ஊருக்கே தெரியும்.

உயிர் இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது! வெள்ளியங்கிரி தாலியை மார்போடு அணைத்துக்கொண்டார். செங்கோடப்பன் மடியிலிருந்து பஞ்சாங்கத்தை உருவினார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"பயப்படாதீங் மேஸ்திரி!" என்று பின்னாலிருந்து பூச்சியப்பன் கத்தினார். "சத்தம் போட்டது பல்லி இல்லீங். பல்லியத்தான் நானே பொதச்சுட்டனே!"

செங்கோடப்பன் ஆமாம் என்று தலையாட்டிப் பஞ்சாங்கத்தை மடியில் செருகினார். மேளம் மறுபடி முழங்கியது. வெள்ளியங்கிரி நிம்மதியாகத் தாலி கட்டக் குனிந்தார். பாவாயி தலையை நிமிர்த்தாமல் கிசுகிசுத்தாள்:

"மூச்சைப் புடிச்சுட்டே கட்டுங்க. யாராச்சும் பாத்துப்போடப் போறாங்க."