தண்ணி தெளிச்ச தேன்

ஒரு ஊர்ல நடேசம்னு ஒருத்தர் இருந்தாராம். கோயில் திருவிழாவுல பத்து நாளும் புராணம் படிக்கறவரு. நாக்குல சரஸ்வதி, மனசு முழுக்கத் தீட்டு பயம். காய்க்காரி தொட்டா கத்தரிக்காயைக் கழுவுவாரு, தபால்காரர் தொட்டா கடுதாசியையே கழுவுவாரு. அப்புறம் எப்படிப் படிப்பாருன்னு என்னைக் கேக்காதே. நீ ம் கொட்டு.

அப்புறம், ஒரு வருஷம் திருவிழாவுக்கு ஒரு மாசம் இருக்கறப்போ அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. வாயைத் தெறந்தா கர்ர்ர், கீச்ச். குரல் வரலைன்னா பக்கத்து ஊர்க்காரரை மேடை ஏத்திருவோம்னு கோயில்காரங்க சொல்லிட்டாங்க. இருபது வருஷமா ஏறின மேடை. மனுஷனுக்குச் சோறு எறங்கல.

அப்போ மலைத்தேன் விக்க வர்ற வெள்ளச்சிதான் வழி சொன்னா. தூதுவளைப் பூவும் குடுத்து, தேனும் குடுத்து, ஒரு வாரம் ஊறட்டும்னா. "ஆனா சாமி, பூ நல்லா வாடணும். பொட்டுத் தண்ணி படக்கூடாது."

கேட்டாரா? பூவைப் பறிச்சது அவ கையாச்சே. மூணு தடவை அலசி, சொட்டச் சொட்டத் தேன்ல போட்டாரு. நாலாம் நாள் பொஸ்ஸ்ஸுனு நுரை தள்ளுச்சு. பொங்கி வருது, நல்ல சகுனம்னு பொண்டாட்டி விசாலத்தைக் கூப்பிட்டுக் காட்டிட்டு ஒரு வாய் வச்சாரு. ஒரே புளிப்பு. மூஞ்சி கோணிப்போச்சு.

ரெண்டாந்தடவை பூவை நெழல்ல வாட விட்டாரு. புத்தி வந்துருச்சுன்னு விசாலம் நெனச்சா. எங்க? தேனும் வெள்ளச்சி எடுத்ததுதானேன்னு மந்திரம் சொல்லி, ஜாடிக்குள்ள சளக் சளக்னு தீர்த்தம் தெளிச்சிட்டாரு. குபுகுபுகுபு. அந்த வாடை தெருக்கோடி வரைக்கும் போச்சு. ஆசாரம் பாக்கற நடேசம் வீட்டுல கள்ளுப்பானை இருக்குன்னு ஊரே மூக்கைப் பொத்திச் சிரிச்சுது.

ம் எங்க? ஆங்.

மூணாந்தடவை பூவும் காஞ்சுது, தீர்த்தமும் இல்ல. ஆனா குளிச்ச ஈரத்தோடதான் செய்யணுமாம். ஈரவேட்டி, ஈரக்குடுமி, அப்படியே ஜாடி மேல குனிஞ்சாரு. சொட்டு, சொட்டு, சொட்டு. போதாததுக்கு மூடியை வேற இறுக்கிக் கட்டினாரு. ஆறாம் நாள் டமார்னு ஜாடி சுக்குநூறு. சாமி படமெல்லாம் தேன். எனக்கு அந்த ஆளை நெனச்சா பாவமாவும் இருக்கு, தலையில ரெண்டு குட்டணும் போலவும் இருக்கு.

அப்போ விடிஞ்சா திருவிழா. காலையிலயே வெள்ளச்சி குடிசைக்கு ஓடினாரு. அவகிட்ட அவ ஊறப்போட்ட ஜாடி ஒண்ணு இருந்துச்சு.

"இது என் ஜாடி, என் கரண்டி. கழுவித் தரமாட்டேன்"னா.

இத்தனை வருஷமா ஏ வெள்ளச்சின்னே கூப்பிட்டவரு, கரகரன்னு சொன்னாரு: "குடுங்கம்மா."

வாயைத் தெறங்கன்னா. காக்காக்குஞ்சு கணக்கா ஆன்னு தெறந்தாரு. மூணு கரண்டி அவளே ஊட்டிவிட்டா. போறவங்க வர்றவங்க எல்லாரும் நின்னு பாத்தாங்க.

அன்னிக்கு சாயங்காலம் மேடையில குரல் கணீர்னு வந்துச்சு. இன்னும் ஒம்போது நாள் பாக்கி. வீட்டுக்கு வந்தா, வாசல்லயே விசாலம் சொம்புத் தண்ணியோட நிக்கறா.

"தீட்டோட வந்திருக்கீங்களே, தெளிக்கட்டுமா?"

நடேசம் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு, வந்த வழியே பின்னாலயே போனாராம்.

கதை ஜாடிக்குள்ள போச்சு, மூடி போட்டாச்சு. நீயும் கண்ணை மூடு.