எட்வினின் ஹெல்மெட்

ரேஸில் ஒரே அணியின் இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. எட்வின் செத்துப்போனான். இன்னொரு காரை ஓட்டிய தீரன் பிழைத்துக்கொண்டான். அவன் அணியின் முதலாளி கஜபதியின் மகன்.

பட்டறையில் எல்லோரையும் கூட்டிவைத்து கஜபதி தீர்ப்புச் சொன்னார். "பின்னாடி தீரன் வர்றான், வழி விடுன்னு ரேடியோவுல நானே சொன்னேன். எட்வின் விடல. தப்பு அவன் மேலதான்."

"அண்ணன் காதுல அது விழவே இல்லைன்னா, முதலாளி?" என்றாள் ஹெல்மெட் துடைக்கும் பவுனு.

"அதைச் செத்தவன்தான் வந்து சொல்லணும்."

"கேட்டுப் பாக்குறேங்க."

மாலை போட்டிருந்த எட்வினின் ஹெல்மெட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். ரேடியோவை வாயருகே பிடித்தாள். "அண்ணே, அன்னைக்கு முதலாளி சொன்னது காதுல விழுந்துச்சா?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எட்வினின் குரல் சன்னமாக வந்தது. "விழல, பவுனு."

தீரன் நாற்காலியோடு பின்னால் சரிந்தான். "அது எப்படிப் பேசும்? அதோட ரேடியோ வயரைத்தான் ரேஸுக்கு முன்னாடியே நான் வெட்டிட்டேனே."

கஜபதி மகனையே பார்த்தார். பவுனு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டயர் மாற்றும் சாலமனுக்கு எட்வின் குரல் அப்படியே வரும். பக்கத்து அறையிலிருந்து ரேடியோவில் பேசச் சொல்லியிருந்தாள்.

கதவு திறந்தது. சாலமன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"மன்னிச்சிடுக்கா, வழியில வண்டி பஞ்சர். இப்பத்தான் வர்றேன். பேசட்டுமா?"