பத்தாயிரத்து ஒண்ணு

ஆத்துக்கு இக்கரையில ஒரு மடம், அக்கரையில ஒரு மடம். ரெண்டு மடத்துலயும் கணக்குதான் படிப்பு. வருஷா வருஷம் ரெண்டுக்கும் போட்டி நடக்கும். ஒருத்தன் போய் அடுத்த மடத்துல ஒரு எண்ணைச் சொல்லுவான். பொழுது சாயுறதுக்குள்ள அவங்க அதை, ஒண்ணையும் அந்த எண்ணையும் விட்டு வேற எதாலயாவது மீதியில்லாம வகுத்து உடைக்கணும். உடைச்சுட்டா, சொன்னவன் ஒரு வருஷம் அவங்களுக்குத் தண்ணி சுமக்கணும். உடைக்கலேன்னா அவங்க சுமக்கணும்.

அக்கரை மடத்துல புளியோதரை பிரமாதம். நல்லெண்ணெய் மிதக்கும், நிலக்கடலை கையோட வரும். எங்க ஓரகத்தி அதே மாதிரி பண்றேன்னு ஒரு தடவை இறங்கி, வீடே தும்மினது தனிக் கதை. அதை விடுங்க.

இந்த வருஷம் இக்கரையிலேருந்து போறது திருமேனி. போட்டிக்கு மொத நாள் சாயங்காலம் ஆசான் மாசிலாமணிகிட்ட நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்தான்.

"சாமி, எண்ணு சிக்கிடுச்சு. பத்தாயிரத்து ஒண்ணு. எந்தக் கொம்பனாலயும் உடைக்க முடியாது."

"வகுத்துப் பாத்தியா?"

"ரெண்டுலேருந்து எழுபத்திரண்டு வரைக்கும் பாத்தேன். எல்லாத்துலயும் மீதி நிக்குது."

"நூறை நூறால பெருக்கினா பத்தாயிரம். அப்ப எது வரைக்கும் பாக்கணும்?"

"நூறு வரைக்கும்."

"ஏன் எழுபத்திரண்டுல நிறுத்தின?"

திருமேனி தலையைச் சொறிஞ்சான். "சோத்து மணி அடிச்சுட்டாங்க சாமி."

"சாப்பிட்டு வந்து?"

"இவ்வளவு தூரம் உடையாதது இனிமேலா உடையப் போகுதுன்னு படுத்துட்டேன்."

மடத்துச் சோறு அப்படி. குழைஞ்ச பருப்பு, மேல மோர். எங்க மாமனார் அந்த மாதிரி ஒரு சோத்தைத் தின்னுட்டுத் தூங்கிப் போய்த்தான் சொந்தத் தம்பி கல்யாணத்துக்குப் போற ரயிலைத் தவற விட்டார். சரி, அதுவும் இருக்கட்டும்.

ஆசான் ஒரு குச்சியை எடுத்து நீட்டினார். "எழுபத்து மூணு போட்டுப் பாரு."

திருமேனி மணல்ல போட்டான். கை பாதியில தயங்குச்சு. அழிச்சுட்டு மறுபடி போட்டான். நூத்து முப்பத்தேழு தடவை போச்சு. மீதி ஒண்ணுமில்ல.

குச்சியைக் கீழ போட்டுட்டான். "சாமி! ஒரு வருஷம் குடம் சுமந்திருப்பேனே! விடிஞ்சா போட்டி. வேற எண்ணு ஒண்ணு குடுங்க."

"எதுக்கு? இதையே கொண்டு போ."

"இது உடைஞ்சு போச்சே!"

"உடைச்சது யாரு?"

"நான்தான்."

"எப்ப?"

"இப்ப... மறுபடி உக்காந்தப்ப."

ஆசான் எந்திரிச்சு வேட்டியில ஒட்டின மணலைத் தட்டினார்.

"தைரியமாப் போடா. நம்ம சோத்துக்கே நீ படுத்துட்ட. அங்க புளியோதரை."