கணக்கை நிறுத்திய கதை

பௌசியாவுக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் பாடம் கேட்ட அருளப்பனுக்கு ஐம்பது. வானிலைக் கணினிக் கூடத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒற்றைக் கணினியோடு காலம் தள்ளியவர், நூற்றுக்கணக்கான கணினிகள் சேர்ந்து ஒரே கணக்கைப் போடும் இடத்துக்கு வந்து மாணவராகியிருந்தார்.

அன்று புயல் திடீரெனத் திசை மாறியது. நாகைப் படகுகள் கடலில் இருந்தன. அவற்றில் ஒன்று அருளப்பனின் மைத்துனருடையது. புயலின் பாதையைக் கணிக்கக் கணினிகள் உடனே தேவை. அவற்றிலோ ஒரு வறட்சி ஆய்வுக் கணக்கு மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்துங்க சார்" என்றார் பௌசியா.

அருளப்பனுக்குக் கை பரபரத்தது. எடுத்த எடுப்பில் கட்டாய நிறுத்தக் கட்டளையை ஒரு கணினியின் மேல் ஏவினார். அதில் ஓடிய வேலை பட்டென்று செத்தது. மற்றவை நிற்கவில்லை. செத்தது விடை அனுப்பும் என்று இடத்தை அடைத்துக்கொண்டு காத்துக் கிடந்தன.

"மேடம், மத்ததையும் இப்படியே முடிச்சிடவா?"

"மாசக்கணக்கான உழைப்பும் சேர்ந்து போயிடுமே. இங்க வாங்க."

ஓரத்தில் ஓர் இரும்பு மேசை கிடந்தது. பௌசியா இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். நால்வரும் ஆளுக்கொரு மூலையாகத் தூக்கினார்கள்.

"சார், நீங்க மட்டும் கையை எடுங்க."

எடுத்தார். மேசை சாய்ந்தது.

"ஐயோ சார், பிடிங்க! எங்களால கீழ வைக்கவும் முடியல!" என்று அந்த இருவரும் அலறினார்கள். அவர் பாய்ந்து பிடித்தார்.

"இப்ப எல்லாரும் மெல்ல இறக்கி வைங்க."

மேசை சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது.

அருளப்பன் இருக்கைக்கு ஓடினார். இந்த முறை, எல்லா வேலைகளையும் தொடங்கிவைத்த தலைமை நிரலுக்குக் கட்டளை கொடுத்தார். கையில் உள்ளதைச் சேமித்துவிட்டு எல்லாம் முடித்துக்கொள்ளட்டும் என்றார். திரையில் வரி வரியாக அடங்கி, கணினிகள் அத்தனையும் காலியாயின. அவர் கொன்ற ஒன்றின் பங்கு மட்டுமே பாழ்.

புயல் கணக்கு பிய்த்துக்கொண்டு ஓடியது. பாதை தெரிந்தது. வயர்லெஸ்ஸில் செய்தி பறந்தது. பொழுது சாய்வதற்குள் கடைசிப் படகும் கரை சேர்ந்தது. கூடமே கைதட்டியது. போனில் மைத்துனர் சிரித்த சிரிப்பைக் கேட்டு அருளப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. வறட்சிக் கணக்கும், பாழான பங்கை மட்டும் புதிதாகப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் மேடம். அப்ப அந்தக் கட்டாயக் கட்டளை எதுக்குத்தான் இருக்கு?"

"முடிச்சுக்கோன்னு சொல்லியும் கேக்காததுக்கு, சார்" என்று சிரித்தார் பௌசியா. "நீங்கதான் முதல்ல சொல்லவே இல்லையே."