கேழ்வரகு டப்பாவின் மூடி

“யாரோ ஒருத்தன் உங்க வீட்டுக்குள்ள புகுந்து வேலையைக் காட்டிட்டுப் போறான்மா. அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் இருக்கு!”

பெரியண்ணன் வாசலில் நின்று கத்தினார். மீசை, சட்டை, வேட்டி எல்லாம் கேழ்வரகு மாவு. நேற்று மில்லில் அரைத்து வந்து கொட்டி வைத்திருந்த டப்பாவை அலமாரியில் ஏற்றலாம் என்று மூடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். நேற்று தானே இறுக்கிய மூடி என்ற நினைப்பில், அது திருகியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. மூடி கையோடு வந்தது. டப்பா காலில் விழுந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“புழுதியில புரண்டு வந்த காளை மாதிரி இருக்கீங்க, பெரியண்ணே. என்ன விலை போவீங்க?”

“சிரிக்காதீங்கம்மா. இது மட்டுமா? சீனி டப்பா, உப்பு டப்பா, மாத்திரை டப்பா, ஒண்ணு விடாம மூடி லூசா உட்கார்ந்திருக்கு. நேத்து மத்தியானம் நான்தான் எல்லாத்தையும் இறுக்கி வெச்சேன். இன்னைக்குப் பார்த்தா பழையபடி கிடக்கு. வீட்டுக்குள்ள யாரோ வந்து போறாங்க.”

“அப்படியா?” என்றார் செங்கமலம். அதோடு சரி.

பெரியண்ணனுக்கு அவர்தான் குரு. குரு என்றதும் காவித் துணியும் கமண்டலமும் தேட வேண்டாம். மணப்பாறையில் ஒரு லைன் வீட்டில், நைட்டி போட்டு மேலே ஒரு துண்டு போர்த்திய குரு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சிஷ்யருக்கு அறுபது. அது ஒன்றும் இடைஞ்சலாக இல்லை. அவர் இவரை அம்மா என்பார்; இவர் அவரைப் பெரியண்ணே என்பார்.

சின்ன வயதிலேயே முடக்குவாதம் வந்து செங்கமலத்தோடு குடியேறிவிட்டது. காலையில் எழுந்தால் விரல்கள் எழாது. முஷ்டியும் இல்லாமல் விரிவும் இல்லாமல் நடுவில் நின்றுவிடும். தாமதமாக வரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, தன் கைக்குக் காத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கஞ்சி குடித்து, மாத்திரை போட்டு, வெயில் ஏறினால் விரல் ஒவ்வொன்றாக வரும். வந்ததும், “வாங்க வாங்க” என்று அவற்றை வரவேற்பார். தனியாகத்தான் இருக்கிறார். முகத்தில் ஒரு குறையும் தெரியாது. அதைப் பார்க்கவே ஊரில் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

பெரியண்ணன் மாட்டுத் தரகர். தாம்புக்கயிறு பிடித்து ஓடிய பையன், எத்தனையோ பேரிடம் ஏமாந்து, பிறகு யாரும் ஏமாற்ற முடியாத ஆளாகச் சந்தையில் நின்றவர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவதுதான் முறை. எத்தனை விரல், எப்படி மடக்குகிறோம் என்பதில் விலை இருக்கிறது. வாய்விட்டுக் கேட்டால் சந்தை முழுக்கத் தெரிந்துபோகும். கேட்டவனுக்கு என்ன தேவை என்று தெரிந்துபோகும். அதைவிடக் கேவலம் தரகனுக்கு இல்லை.

அந்த விரல்களுக்குத்தான் சீக்கு வந்தது. ஒரு விடியற்காலைச் சந்தையில் துண்டுக்குள் அவர் மடக்க நினைத்த விரல் மடங்கவில்லை. ஒரு ஜோடி காளை அடிமாட்டு விலைக்குக் கைமாறியது. டாக்டர் முடக்குவாதம் என்றார். பெரியண்ணன் அதை மகனிடம்கூடச் சொல்லவில்லை. “போதும்டா, அலுத்துப்போச்சு” என்று சந்தையை விட்டார். யாரோ சொன்னதைக் கேட்டு நேராகச் செங்கமலத்திடம் வந்து நின்றார்.

“யார்கிட்டயும் எதையும் கேக்காம இந்த வியாதியோட வாழுறது எப்படிம்மா? அதை மட்டும் சொல்லிக் குடுங்க. ஒருத்தன் முன்னாடி கைநீட்டி நிக்கிற நாள் எனக்கு வரவே கூடாது.”

செங்கமலம் கொஞ்ச நேரம் அவருடைய துண்டைப் பார்த்தார். கை அதற்குள் இருந்தது.

“எதிர் வீடு காலியா இருக்கு. வாடகைக்கு வந்து இருங்க. பார்ப்போம்.”

அப்படித்தான் பெரியண்ணன் லைன் வீடுகளுக்குப் பொதுவான அந்த முற்றத்துக்கு வந்தார். மாலையில் கை நன்றாக இருக்கும். குருவுக்குத் தண்ணீர் பிடிப்பார், பாத்திரம் தேய்ப்பார். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டி, வெயில் வந்த பிறகுதான் வெளியே தலைகாட்டுவார். குரு ஏனென்று கேட்டதில்லை.

எல்லாம் பிடித்திருந்தது, அக்கம்பக்கத்தைத் தவிர.

கோடி வீட்டு ரெங்கநாதன் ஓய்வுபெற்ற கண்டக்டர். பொழுது விடிந்ததும் முற்றத்தின் நடுவில் நின்று இரண்டு விசில் ஊதி, “ரைட், போலாம்” என்பார். எந்த வண்டியும் போகாது. அவரும் போக மாட்டார்.

பக்கத்து வீட்டு பிலோமினா ஒருபடி மேல். மனுஷரிடம் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் தன் கோழியிடம் சொல்வார். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்ள வேண்டும். யார் வீட்டுக்குள்ளும் கதவைத் தட்டாமல் நுழைவார், எதையாவது பார்ப்பார், திரும்பிப் போவார்.

அன்று சாயங்காலம் பெரியண்ணன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காவல் உட்கார்ந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு பிலோமினா வந்தார். கக்கத்தில் ஒரு செவலைக் கோழி. செருப்பைக்கூடக் கழற்றாமல் செங்கமலத்தின் அடுப்படிக்குள் போனார். டப்பாக்களை வரிசையாகத் திருகி, மூடிகளைச் சும்மா மேலே வைத்தார்.

“நில்லு! பிடிச்சேனா உன்னைய? என்ன பண்றே அங்க?”

பிலோமினா நிதானமாகக் கோழியிடம் சொன்னார்: “பாருடி செவலை. நேத்து வந்தவங்கல்லாம் என்னைய நில்லுங்கறாங்க.”

“கோழிகிட்ட என்ன பேச்சு? களவாணி! இனிமே இந்த வாசப்படியை மிதிச்சே, அந்தக் கோழி என் குழம்புலதான் கிடக்கும்!”

முற்றம் முழுக்கக் கேட்டது. பிலோமினா கோழியின் தலையைக் கையால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கட்டிலில் சாய்ந்திருந்த குரு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“பார்த்தும் ஒரு வார்த்தை கேக்கலையேம்மா நீங்க!”

“அதான் நீங்க கேட்டீங்களே, நல்லா.”

பெரியண்ணன் துண்டை மடித்து மூடிமேல் போட்டு, பல்லைக் கடித்து, ஒவ்வொரு டப்பாவையும் திருகினார். மாலை நேரத்துக் கை. முரட்டுக் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்திய கை. கேழ்வரகு டப்பாவுக்கு இன்னும் ஒரு திருகு சேர்த்துக் கொடுத்தார்.

“இனி யானை வந்தாலும் திறக்க முடியாது.”

“யானை வராது, பெரியண்ணே” என்றார் குரு. “நான்தான் வரணும்.”

வெற்றி பெற்றவருக்கு அது காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை விசில் சத்தம் கேட்டது. “ரைட், போலாம்.” பெரியண்ணன் வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். குருவின் குரல் வந்தது.

“பெரியண்ணே, கொஞ்சம் வாங்க.”

காலையில் அவர் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. பொத்தானை விட்டுவிட்டு, கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடினார்.

கரண்ட் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் சுவிட்சைக் குரு முழங்கையால் அமுக்கியிருந்தார். கேழ்வரகு டப்பாவை மணிக்கட்டால் தள்ளித் தள்ளி மேடையின் ஓரத்துக்குக் கொண்டு வந்திருந்தார்.

“இதைத் திறங்க.”

பெரியண்ணன் டப்பாவை எடுத்து மார்போடு அணைத்தார். திருகினார். வலி முழங்கை வரைக்கும் ஏறியது. துண்டைப் போட்டுத் திருகினார். முழங்காலுக்கு இடையில் வைத்துத் திருகினார். கடைசியில் குனிந்து பல்லால் ஒரு கடி கடித்தார். மூடி அசைந்து கொடுக்கவில்லை. நேற்றைய பெரியண்ணன் திருகியது. இன்றைய பெரியண்ணனால் என்ன செய்ய முடியும்?

“கொஞ்சம் பொறுங்கம்மா. வெயில் வரட்டும். என் விரல் வந்துரும்.”

“மாத்திரை போட்டாத்தான் எனக்கு விரல் வரும். வயித்துல ஏதாவது விழுந்தாத்தான் மாத்திரை போட முடியும். ரெண்டும் மூடிக்குள்ள இருக்கு.” செங்கமலம் சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டார். “நம்ம நாலு கையும் சேர்ந்து ஒரு கை ஆகலை பாருங்க.”

பெரியண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. குருவின் விரல் கணுக்கள் சிவந்து வீங்கியிருந்தன. இவரைக் கூப்பிடுவதற்கு முன்பே தானே திறக்க முயன்று பார்த்திருக்கிறார்.

பெரியண்ணன் டப்பாவோடு கண்டக்டரிடம் ஓடினார்.

ரெங்கநாதன் டப்பாவைப் பார்த்தார், தொடவில்லை. “இது பிலோமினா ரூட் ஆச்சே. ராத்திரிக்கு முன்னால மூடியைத் தளர்த்தி வைக்கிறது அந்தம்மா வேலை. வருஷக்கணக்கா ஓடுது. அடுத்தவங்க ரூட்ல நான் ஏற மாட்டேன்.”

பெரியண்ணன் அப்படியே திரும்பி வந்து குருவின் முன்னால் நின்றார். முகம் சுண்டிப் போயிருந்தது.

“நீங்க சொல்லியிருக்கலாமேம்மா.”

“ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா, காசு குடுத்து வேற நல்ல டப்பா வாங்கிட்டு வந்திருப்பீங்க.”

அது உண்மைதான். பெரியண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஞானம் பிறந்த குரலில் கேட்டார்: “அப்போ அந்தக் கண்டக்டர் விசிலும் சும்மா இல்ல. உங்களை எழுப்பி விடறதுக்குத்தானே ஊதுறாரு?”

“நான் அதுக்கு ரொம்ப முன்னாடியே முழிச்சிருப்பேன். வலி எழுப்பிடும்.”

“பின்னே எதுக்கு ஊதுறாரு?”

“அவருக்கு விசில் ஊதப் பிடிக்கும்.”

தண்ணீர் தளதளத்தது. பாதி வற்றிவிட்டது.

“யாரையும் கேக்காம வாழுறது எப்படின்னு கேட்டேன். நீங்க கேக்காமத்தானே அந்தம்மா செய்யுது?”

“முதல் தடவை கேட்டேன். முற்றத்துல நின்னு, டப்பாவைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டி, தொண்டை கிழியக் கேட்டேன். அன்னைக்கு பிலோமினா அவ கோழிகிட்ட, ‘என்னடி இது, காலங்காத்தால ஏலம் போடுறா’ன்னா. சாயங்காலம் வந்து தளர்த்தி வெச்சா.”

பெரியண்ணன் பிலோமினாவின் வாசலுக்குப் போனார். கோழிகளுக்குக் குருணை இறைத்துக்கொண்டிருந்த பிலோமினா நிமிரவில்லை. அவர் டப்பாவை அக்குளில் இடுக்கி, பழக்கத்தில் வலது கைமேல் துண்டைப் பரப்பி நீட்டினார்.

பிலோமினா செவலையிடம் சொன்னார்: “இங்க மாடு இல்லைன்னு சொல்லுடி.”

“இல்ல… வந்து… அந்த…”

“நேத்து களவாணின்னு சொன்ன வாய் எங்க போச்சுன்னு கேளுடி. அது நல்லாத்தானே பேசுச்சு?”

செவலை அவரை ஒரு கண்ணால் பார்த்தது. பெரியண்ணன் பின்வாங்கினார். முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். கண்டக்டர் வாசலில் நின்று பார்த்தார். குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் திரும்பிக் குருவின் ஜன்னலைப் பார்த்தார்.

“அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா அது உடனே செய்யும்.”

ஜன்னலில் குரு தன் வளைந்த விரல்களைக் கம்பிமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். காலை வெயில் அப்போதுதான் கம்பியைத் தொட்டது. முகத்தில் வலியும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

பெரியண்ணன் கைமேல் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வீங்கி, கோணி, பாதியில் நின்ற விரல்களை அந்த முற்றம் முதல் தடவையாகப் பார்த்தது. இரண்டு கையாலும் டப்பாவைத் தூக்கிப் பிடித்தார். வாயைத் திறந்தார். சந்தையையே அதட்டிய தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

குருணை இறைத்த கை நின்றது. பிலோமினா காத்திருந்தார். கோழியும் காத்திருந்தது.

அப்போது ஜன்னலிலிருந்து குரு, சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்:

“யாரோ ஒருத்தர் என் வீட்டுக்குள்ள புகுந்து மூடியையெல்லாம் திருகி வெச்சுட்டுப் போயிட்டாங்க! அது யாரா இருந்தாலும் சரி, இந்தத் தண்ணி வத்துறதுக்குள்ள சத்தமா ஒரு வார்த்தை கேட்டு, என் கஞ்சிக்கு வழி பண்ணியே ஆகணும்!”