மாமியார் பார்க்காத பக்கம்

நாகர்கோவிலில் ஒரு சின்ன நிறுவனம். வலைத்தளங்கள் செய்து கொடுப்பார்கள். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த ஆக்னஸை எல்லாரும் குரு என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்தது. நாளடைவில் கேலி போய், பேர் மட்டும் நின்றுவிட்டது. தெய்வநாயகம் அவளைவிட மூத்தவன். வங்கி வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்து, அவளிடம் ஆனா ஆவன்னாவிலிருந்து பாடம் கேட்டவன். அவன் குருவே என்று கூப்பிட்டால் அதில் பாதி நிஜம் இருந்தது.

தெய்வநாயகத்துக்கு மேக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். விண்டோஸ் என்று யாராவது பேச்செடுத்தால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முகம் போகும். மேக்கின் அழகையும் குணத்தையும் அவன் அடுக்குகிறபோது, சொந்தத் தம்பிக்குப் பெண் பேசப் போகிறவன்கூட அத்தனை புகழ மாட்டான் என்று தோன்றும்.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டான்.

"குருவே, ஒரே வார்த்தையில சொல்லுங்க. மேக்கா, விண்டோஸா, லினக்ஸா? எது நல்லது?"

"யாருக்கு?" என்றாள் குரு.

"பார்த்தீங்களா, நழுவுறீங்க."

அவள் டீயைக் குடித்து முடித்தாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூலை மேசையில் பழைய விண்டோஸ் லேப்டாப் ஒன்று கிடக்கும். மூடியில் விரிசல். அது எழுந்திருப்பதற்குள் நாம் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். எந்த வலைப்பக்கத்தையும் வெளியே விடுவதற்கு முன் அதில் ஒருமுறை திறந்து பார்த்தாக வேண்டும். எதைக் கொண்டுபோனாலும் குறை சொல்லும் என்பதால் அதற்கு மாமியார் என்று பேர் வைத்திருந்தார்கள். "மாமியார்கிட்ட காட்டியாச்சா?" என்று குரு கேட்காத வேலையே கிடையாது. தெய்வநாயகமும் முணுமுணுத்துக்கொண்டே காட்டுவான்.

அந்த வருஷம் அவனுடைய தங்கை செண்பகம் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணமாகாத பெண். சொந்த ஊரான ஏரலில் அப்பா அம்மாவோடு இருந்தவள். பாவம், சாகிற வயதா அது.

தெய்வநாயகம் அவள் நினைவாக ஒரு வலைப்பக்கம் செய்தான். அதில் ஒரே ஒரு வீடியோ. அப்பா மூக்குக்கண்ணாடியை வீடெல்லாம் தேடுகிறார். செண்பகம் சிரித்துக்கொண்டே அவர் தலையைக் கைகாட்டுகிறாள். "உங்க தலையிலதான் இருக்கு, நல்லா பாருங்கப்பா!" அவ்வளவுதான் வீடியோ.

பக்கத்தைத் தன் மேக்கில் குருவுக்குப் போட்டுக் காட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"மாமியார்கிட்ட காட்டினீங்களா?"

"இது ஆபீஸ் வேலை இல்லையே குருவே. வீட்டுப் பக்கம். அப்பாவும் அம்மாவும்தான் பார்ப்பாங்க."

"அவங்க எதுல பார்ப்பாங்க?"

"செண்பகம் காலேஜ்ல படிக்கிறப்போ வாங்கின கம்ப்யூட்டர் ஒண்ணு கெடக்கு. விண்டோஸ்தான். அதைத் தூக்கிப்போடுங்க, மேக் வாங்கித் தர்றேன்னா அப்பா கேட்க மாட்டேங்கிறார். பழசை விட மனசில்லாத மனுஷன். விடுங்க, என் மெஷின்ல நல்லா ஓடுது."

துக்கத்தில் இருப்பவனிடம் அதற்கு மேல் என்ன பேச? குரு விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் அப்பாவும் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, தெய்வநாயகம் அந்தப் பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தான். தங்கையின் பக்கத்தைத் திறந்து வீடியோவைத் தட்டினான்.

திரை கறுப்பாகவே இருந்தது. கறுப்புக்குள்ளிருந்து செண்பகத்தின் குரல் மட்டும் வந்தது. "உங்க தலையிலதான் இருக்கு, நல்லா பாருங்கப்பா!"

திரும்பவும் தட்டினான். திரும்பவும் குரல்தான். அவன் வீடியோவைச் சேமித்திருந்த முறை அவனுடைய மேக்குக்குப் பழக்கம், இந்தப் பழைய பெட்டிக்குத் தெரியாது. விஷயம் அவ்வளவுதான்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து பின்னால் நின்றாள்.

"அப்பா இதைத்தான் பார்ப்பாராம்மா?"

"பார்க்கதுக்கு என்னய்யா இருக்கு அதுல? கேப்பாரு. காலைல காப்பி குடிச்ச கையோட வந்து உக்காந்துருவாரு. கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுத்தான் போடுவாரு."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் கேக்கணும்னுதான் சொன்னேன். அப்பாதான் விடல. 'அவ முகத்தப் பார்த்தா நாம தாங்க மாட்டோம்னு பிள்ள மறைச்சு வச்சிருக்கான், அவன்ட்ட போய்க் கேக்காத'ன்னுட்டாரு. நீ ஊருக்கு வந்தா போடவே மாட்டாரு, உன் மனசு தாங்காதுன்னு." அம்மா அவன் தலையைத் தடவினாள். "உனக்குத்தான்யா எவ்வளவு யோசனை."

தெய்வநாயகம் திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"இந்தப் பெட்டிய ஏம்மா அப்பா மாத்தவே விடல?"

"அது அவ தொட்டதுல்லாய்யா."

நாகர்கோவிலுக்குத் திரும்பியதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் குருவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அழுதுகொண்டே சொன்னான். குரு, "அன்னிக்கு நான் விட்டிருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

பிறகு எழுந்துபோய் மூலை மேசையிலிருந்து மாமியாரைத் தூக்கி வந்து அவன் முன்னால் வைத்தாள்.

வீடியோவை வேறு முறையில் மாற்றிச் சேமிப்பது பெரிய வேலை இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே தெரிந்த வேலை. அவள் ஆறின டீயைத் தள்ளிவைத்துவிட்டுச் சூடாக ஒன்று வாங்கி வருவதற்குள் அவன் மாற்றி முடித்திருந்தான். வெளியே விடுவதற்கு முன் மாமியாரில் போட்டுப் பார்த்தான். பழைய லேப்டாப் முனகியது, திணறியது, பிறகு செண்பகத்தின் முகம் வந்தது. ஒரு குறையும் இல்லை.

இனி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஏரலில் அம்மா பார்க்கலாம். தெய்வநாயகத்தின் விரல் அதன்மேல் நின்றது. அழுத்தவில்லை.

"இதை ஏத்தினா அம்மாவுக்கு முகம் தெரியும் குருவே."

"ஆமா."

"இத்தனை நாள் எப்படித் தெரியாம இருந்ததுன்னு கேப்பாங்க. நான் மறைச்சு வைக்கல, பார்க்காம விட்டுட்டேன்னு சொல்லணும். அப்பா ஒரு வருஷம் கும்பிட்டது என் அலட்சியத்தைன்னு சொல்லணும்."

குரு டீயை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எம்புள்ள எவ்வளவு யோசிச்சிருக்கான்னு நினைச்சே அவர் போய்ச் சேர்ந்துட்டார். அம்மாவும் அதையே நம்பிட்டு இருக்காங்க. அந்த நிம்மதியையும் நான் ஏன் கெடுக்கணும்? குரலாவது கேக்குதுல்ல. சொல்லாம, மாத்தாம இப்படியே விட்டுடறதுதானே நல்லது?"

"யாருக்கு?" என்றாள் குரு.

மாமியாரின் விரிசல் விட்ட மூடியின் உள்பக்கத்தில், செண்பகம் சிரித்துக்கொண்டே கைகாட்டிக்கொண்டிருந்தாள்.